பள்ளிகளில் ‘ஷிஃப்ட்’ முறையை ஒழித்த ஆளுநர்

நைஜீரியாவின் லாகோஸ் மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் ஆளுநரான லத்தீஃப் ஜகாண்டே (1929-2021) பத்திரிகையாளராக வாழ்க்கையைத் தொடங்கி, அரசியல் தலைவர் ஒபாஃபெமி அவொலொவோவின் ‘நைஜீரியன் டிரிப்யூன்’ நாளிதழை வழிநடத்தியவர். அவருடனேயே தேசத்துரோக வழக்கில் சிறைக்கும் சென்றவர்.

1979இல் ஆட்சிக்கு வந்தபோது, இடப்பற்றாக்குறையால் லாகோஸ் பள்ளிகள் காலை ஒரு பிரிவு, மாலை ஒரு பிரிவு என்று நடந்துகொண்டிருந்தன. அவர் எளிய வகுப்பறைகளை விரைவாகக் கட்டியெழுப்பி, எல்லாப் பிள்ளைகளும் காலையிலேயே பள்ளிக்குச் செல்லும்படி செய்தார். அக்கட்டடங்களைக் கோழிக்கூண்டு என்று கேலி செய்தவர்களும் உண்டு. கூரையே இல்லாத பிள்ளைக்கு அது பொருட்டா என்ன? அவர் கட்டிய மலிவு விலைக் குடியிருப்புகள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

1983ஆம் ஆண்டின் கடைசி நாளில் நடந்த இராணுவப் புரட்சி அவருடைய பதவியைப் பறித்தது. அவர் தொடங்கியிருந்த மெட்ரோ ரயில் திட்டத்தையும் புதிய அரசு கைவிட்டது. லாகோஸ் நகரில் மெட்ரோ ரயில் பயணிகளை ஏற்றிச் செல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிற்காலத்தில் சர்வாதிகாரி சானி அபாச்சாவின் அமைச்சரவையில் அவர் பொதுப்பணி, வீட்டுவசதி அமைச்சராகச் சேர்ந்ததைப் பழைய தோழர்கள் பலர் மன்னிக்கவில்லை. எனக்கும் அது உறுத்தலாகவே இருக்கிறது.