தெட்சணாமூர்த்தியின் தவிலும் எங்கள் கணித வகுப்பும்

பள்ளி நாட்களைப் பற்றி எழுதும்படி நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் எங்கள் பள்ளியில் படித்தவரும் அல்லர், படிப்பித்தவரும் அல்லர். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு இது புதினமாக இராது.

1933இல் இணுவிலில் பிறந்தவர். தந்தை விசுவலிங்கமும் பேர்பெற்ற தவில்காரர். தெட்சணாமூர்த்தி பின்னாளில் அளவெட்டியில் குடியிருந்தார். தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்களும் அவரை விரும்பி அழைத்தார்கள்.

திருவிழா என்றால் பின்னேரமே சைக்கிளை எடுத்துவிடுவோம். சுவாமி வெளிவீதியில் நிற்க மேளச்சமா, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரி, தொடங்கினால், விடியும்வரை மணலை விட்டு எழும்ப மனம் வராது. எல்லாரும் அவருடைய வேகத்தையே பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது தெளிவு. கூடு என்னும் உறை போட்ட விரல்கள் வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத்தில், எவ்வளவு விரைந்தாலும் ஒவ்வொரு தாளச்சொல்லும் முத்துக் கோத்தாற்போல் தனித்தனியே கேட்கும். நாதஸ்வரம் கீர்த்தனையை எடுத்ததும் தவிலை அப்படியே அடக்கி, பாட்டின் போக்கோடு போவார். ஊரையே எழுப்பக்கூடிய அந்த வாத்தியத்தை அவ்வளவு மெதுவாகவும் வாசிக்கலாம் என்று அவரிடந்தான் கண்டேன்.

அடுத்த நாள் வகுப்பில் கை சும்மா இராது. ஒருநாள் மேசையில் தட்டிக்கொண்டிருந்தபோது கணித ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தாளமடா?"

"ஆதி, சேர். கண்டநடை." ஆதிதாளத்துக்கு எட்டு எண்ணிக்கை; கண்டநடையில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஐந்து தட்டு.

"அப்ப எட்டை ஐந்தால் பெருக்கு."

"நாற்பது, சேர்."

"நாற்பதும் முடிய சமத்துக்கு, தாளம் தொடங்கிற இடத்துக்கு, வந்தியோ? எங்கே, திருப்பித் தட்டு பார்ப்பம்."

முழு வகுப்பும் பார்த்திருக்கத் தட்டினேன். அவர் விரல்மடித்து எண்ணினார். சரியாக வந்தது. "நேற்று நானும் அங்கேதான் இருந்தனான்" என்றுவிட்டுக் கரும்பலகைக்குப் போனார். அந்த மனிதரை அன்றுதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

1975இல், நாற்பதைத் தாண்டிய கையோடு தெட்சணாமூர்த்தி போய்விட்டார். அந்நாளில் தவில் பரம்பரைக் குடும்பங்களின் கலை. வெளி வீட்டுப் பிள்ளைக்கு அது இலகுவில் வாய்க்காது. நான் மிருதங்கம் படித்தேன். புலம்பெயர்ந்து வந்தபின் பகலில் வேலை, பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு. வேகமாக வாசிக்க அவசரப்படும் பிள்ளையிடம், முதலாம் காலத்தில், அதாவது மெதுவாக வாசிக்கையில், சொல் தெளியட்டும், அப்புறம் ஓடலாம் என்பேன். என்னிடம் உள்ள படிப்பிப்பெல்லாம் அந்தக் கோயில் வீதிகளில் கேட்டதுதான்.

அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். இன்னொன்று: அந்நாளில் ரேப் ரெக்கோடரோடு திருவிழாவுக்கு வந்த அண்ணைமாரும் நம் சங்கத்தில் இருப்பீர்கள். பரணில் பழைய நாடா ஏதும் கிடந்தால், பூஞ்சணம் பிடிக்குமுன் பிரதி எடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். பிரதி எடுக்கும் செலவை நான் ஏற்கிறேன்.