டயர் இரைச்சல், பெரிய டிக்கி, பழைய ஹைப்ரிட்: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 2, ஞாயிறு

கையில் இருப்பது 195/65 ஆர் 15 டயர் போட்ட பழைய ஹைப்ரிட் ஹேட்ச்பேக். குறை இரண்டு. 40 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஓர் உறுமல் கிளம்புகிறது. டிக்கியில் சாமான் கொள்ளவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி "வேறு கார் வாங்கிவிடலாம்" என்று கிளம்புவது தவறு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் காரை மாற்றினால், அதே சத்தம் அடுத்த காரிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதலில் சத்தம், பிறகு இடம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஜாக்கி, ஸ்பானர், தண்ணீர் பாட்டில் என்று கடகடக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். ஏசி விசிறி நிறுத்தம், பாட்டு நிறுத்தம், கண்ணாடி முழுக்க மேலே. ஹைப்ரிடில் ஒரு வசதி உண்டு: என்ஜின் அணைந்து மோட்டாரில் மட்டும் ஓடும் நேரத்தில் மற்ற சத்தம் ஏதும் இல்லாததால் சக்கரத்தின் குரல் தனியாகக் கேட்கும்.

முதல் சோதனை சாலை. சொரசொரப்பான தார்ச்சாலையிலிருந்து வழவழப்பான பரப்புக்கு ஏறும் நொடியில் சத்தம் சட்டென்று மாறினால் டயர். எதன் மேல் ஓடினாலும் மாறாமல் முனகினால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது ஆக்ஸிலரேட்டர். அதே வேகத்தில் காலை எடுத்து, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். கால் அசைவோடு சேர்ந்து மாறும் மெல்லிய கீச்சொலி மோட்டாருடையது, இன்வெர்ட்டருடையது (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி), அல்லது கியர்ப்பெட்டியுடையது. டயருக்கு உங்கள் கால் எங்கே இருக்கிறது என்ற கவலை கிடையாது, வேகம் மட்டும்தான் அதற்குக் கணக்கு.

மூன்றாவது ஸ்டீயரிங். ஆளில்லாத அகலமான சாலையில் 60-ல் லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கின் மேல் சந்தேகம். வலம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். இன்றைய ஓட்டத்தில் வளைவுக்கு மாற்றமே இல்லை. சாலை மாறியபோது நன்றாகவே மாறியது.

மார்ச் 4, செவ்வாய்

காதை மட்டும் நம்பாமல் இன்று எண்ணில் பிடித்தது. கைப்பேசியில் ஒலி அலைவரிசையைக் காட்டும் இலவசச் செயலி எதுவானாலும் போதும். கைப்பேசி பின்சீட்டில், அதை இயக்கப் பக்கத்தில் ஒருவர். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது.

கணக்கு எளிது. 195/65 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 634 மி.மீ., சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குச் சரியாக 20 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு 10 சுற்று. டயர் ஓரத்தில் உள்ள பட்டன் கட்டைகளை (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) சாக்பீஸால் குறியிட்டு ஒரு முழுச் சுற்று எண்ணினால் 64. பத்தை 64-ஆல் பெருக்கினால் 640 ஹெர்ட்ஸ். திரையில் 640-ஐ ஒட்டி ஒரு மேடு தெரிந்தது. வேகத்தை 54-க்கு இறக்கியதும் மேடு 480-க்கு வந்தது. இதுவே பெரிய சாட்சி. கட்டைகளின் நீளத்தைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சமமில்லாமல் வைப்பார்கள்; அதனால் ஊசிபோலக் கூர்முனை வராது, அகலமான மேடாகத்தான் தெரியும்.

இன்னொரு மேடு 220 பக்கத்தில் இருந்தது. வேகம் மாறினாலும் அது நகரவில்லை. டயருக்குள் அடைபட்ட காற்று வளையம் அதிர்வதால் வரும் ஓசை அது. எல்லா டயரிலும் இருக்கும், கோளாறு அல்ல. பள்ளத்தில் விழும்போது "டொய்ங்" என்று ஒலிப்பது இதுதான். ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு, அதாவது 72 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து "தட் தட்" என்று வந்திருந்தால், நீண்ட நாள் நிறுத்தியதால் ஓரிடம் தட்டையானதோ உள்கம்பி விட்டு வீங்கியதோ என்று பார்க்க வேண்டும். வீக்கம் இருந்தால் அந்த டயரில் அதற்குமேல் ஓட்டவே கூடாது.

மார்ச் 8, சனி

ஜாக்கி போட்ட நாள். சமதரை, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, காருக்கு அடியில் ஸ்டாண்ட், பவர் ஆஃப். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதானால் ஹேண்ட்பிரேக்கை விட்டிருக்க வேண்டும். அதனால்தான் கட்டையில் இவ்வளவு கண்டிப்பு.

ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணலை அரைப்பதுபோல ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். காதுக்குக் கேட்காதது விரலுக்குத் தெரியும். பிறகு கடிகாரத்தின் 12, 6 இடங்களைப் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் லூஸ் தெரியும். முன் சக்கரத்தில் 9, 3 இடங்களில் ஆடினால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங் தண்டு சக்கரத்தோடு சேரும் மூட்டு. இங்கே நான்கும் சுத்தம்.

ஹைப்ரிடுக்கென்றே ஒரு தனிச் சோதனை உண்டு. வேகம் குறைக்கும் வேலையில் பாதிக்கு மேல் மோட்டாரே செய்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. டிஸ்க் துருப்பிடிக்கும், பேட் தன் தடத்தில் இறுகிக்கொள்ளும். சக்கரம் இரண்டு மூன்று சுற்று தாராளமாக ஓடாமல் இழுத்து நின்றால் அதுதான் காரணம். ஓட்டி முடித்ததும் நான்கு ரிம்மையும் தொட்டுப் பார்த்தாலும் தெரியும்: ஒன்று மட்டும் கொதிக்கும்.

கடைசியாக உள்ளங்கை. பட்டன் மேல் சுற்றுவாக்கில் கையை ஓட்டினால் ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகிறது, திருப்பி ஓட்டினால் ரம்பப் பல்போலக் கடிக்கிறது. ஒவ்வொரு கட்டையும் ஒரு முனையில் உயர்ந்து மறுமுனையில் தாழ்ந்து தேய்ந்திருக்கிறது. பின் டயர் இரண்டிலும், அதிலும் உள் ஓரத்தில் மோசம். முன்சக்கரம் இழுக்கும் காரில் பின் டயர் காரை இழுப்பதே இல்லை, எடையும் குறைவு. மாற்றிப் போடாமலே ஓடினால் இப்படித்தான் பல் முளைக்கும்.

குறுக்குவாக்கிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளிருந்து வெளியே வரும்போது மட்டும் பிசிறு கடித்தால் டோ-இன் அதிகம், அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. எதிர்த்திசையில் கடித்தால் டோ-அவுட், வெளிநோக்கி. திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று பொருள். அதை மாற்றாமல் புது டயர் போட்டால் அதுவும் குழி விழும்.

மார்ச் 9, ஞாயிறு

முன் டயர் பின்னுக்கு, பின் டயர் முன்னுக்கு, அதே பக்கத்திலேயே. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இடம் வலம் மாற்றவே கூடாது. காற்று, வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1.5 பி.எஸ்.ஐ. குறையும். மைலேஜுக்காக ஆறேழு பி.எஸ்.ஐ. கூட்டி வைப்பது ஹைப்ரிட் வைத்திருப்பவர்களிடம் பரவலான பழக்கம். பட்டனின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும், இரைச்சலும் கூடும்.

நட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு. டொயோட்டா பிரியஸ் வகைக்கு 103 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபார்ப்பு.

மார்ச் 11, செவ்வாய்

உறுமல் முன்னால் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கிலும் லேசாக உணர முடிகிறது. டயரோடு சத்தமும் இடம் மாறியதால் வேறு சாட்சி தேவையில்லை.

மார்ச் 15, சனி

இனி இந்த டயரை என்ன செய்வது? ஆழம் 4 மி.மீ. இருக்கிறது. பல் முளைத்த டயர் இழுக்கும் சக்கரத்தில் ஓடினால் பல் மெல்ல மெல்லத் தேய்ந்து சமமாகும். ஆனால் சில ஆயிரம் கி.மீ. ஆகும், அதுவரை சத்தம் முன்பைவிடக் காதுக்கு அருகில் கேட்கும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் காத்திருந்தும் பயனில்லை. டயரின் பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். ஆறு வருடத்தைத் தொட்டு, பட்டன் இடுக்கில் மயிரிழை வெடிப்பும் இருந்தால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுவதே சரி.

அலைன்மென்டில் நான்கு சக்கரத்தின் அளவுகளையும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும். பல சிறிய ஹைப்ரிட்களில் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம். அதில் டோவைத் திருப்ப நட்டு கிடையாது. அளவு எல்லை தாண்டியிருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும், அல்லது பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "முன்னால் மட்டும் செய்தால் போதும்" என்று சொல்லும் இடத்தில் நிற்க வேண்டாம்.

புது டயர் வாங்குகிறவர்கள் ஐரோப்பிய லேபிளில் உள்ள டெசிபல் எண்ணைப் பார்த்து ஏமாறுவது உண்டு. அது 80 கி.மீ. வேகத்தில், என்ஜின் அணைந்த நிலையில், ஓட்டப்பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த ஒலிவாங்கியில் பதிவாவது. காருக்குள் இருப்பவர் காதுக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. உள்ளே நுரை ஒட்டிய டயர் அந்த 220 ஹெர்ட்ஸ் ஓசையைத்தான் அடக்கும். பட்டன் உறுமலுக்கு அது மருந்தல்ல.

மார்ச் 16, ஞாயிறு

சத்தக் கணக்கு தீர்ந்தது. இடக் கணக்கு இன்னும் இருக்கிறது. விளம்பரத்தில் போடும் லிட்டர் எண் உதவாது. சிலர் ஜன்னல் மட்டம் வரை அளக்கிறார்கள், சிலர் தரைக்கு அடியில் உள்ள பள்ளத்தையும் சேர்க்கிறார்கள். டேப்பால் ஐந்து அளவு எடுத்தால் போதும்: இரு வீல் ஆர்ச்சுகளுக்கு இடையே அகலம், பின்சீட் நிமிர்ந்தபோது டிக்கி நீளம், மடக்கியபோது நீளம், தரையிலிருந்து டிக்கி விளிம்பு வரை உயரம், பின்கதவு திறப்பின் உயரம். தூக்க வேண்டிய மிகப் பெரிய பொருளின் அளவோடு ஒப்பிட வேண்டியது கடைசி அளவைத்தான். உள்ளே இடம் இருந்தும் வாசலில் முட்டிக்கொள்வது அங்கேதான்.

சீட்டை மடக்கியதும் தரை சமமாக வருகிறதா என்பதும் முக்கியம். பேட்டரியை டிக்கித் தரைக்கடியில் வைத்த மாடல்களில் தரை மேடாகிவிடும்.

மார்ச் 22, சனி

இனி, பெரிய டிக்கிக்காகப் பார்க்கக்கூடிய பழைய ஹைப்ரிட்கள். பிரியஸ் மூன்றாம் தலைமுறையின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் நடுவுக்கு இடையே உள்ள தூரம்) 2,700 மி.மீ. அதை நீட்டி 2011-ல் வந்த குடும்ப வடிவத்தின் வீல்பேஸ் 2,780. ஜப்பானில் பிரியஸ் ஆல்ஃபா, ஐரோப்பாவில் பிரியஸ் பிளஸ், அமெரிக்காவில் பிரியஸ் வி. ஆல்ஃபாவில் ஐந்து சீட்டுக்கு நிக்கல் பேட்டரி டிக்கித் தரைக்கடியில். ஏழு சீட்டுக்கு லித்தியம் பேட்டரி முன்சீட்டுகளுக்கு நடுவே. மூன்றாம் வரிசை பெரியவர்களுக்கானது அல்ல. சாமானுக்காக வாங்குகிறவர்கள் ஐந்து சீட்டையே பார்க்கலாம்.

2013-ல் வந்த டொயோட்டா ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில்; டிக்கி 530 லிட்டர், தரை தட்டை. 2019-ன் கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸில் வீல்பேஸ் 2,700. பின்சீட்டில் கால் நீட்டுவதற்கு ஆரிஸைவிட நல்ல இடம். கியா நிரோவில் ஆறு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி. ஓட்டும் உணர்வு சாதாரண ஆட்டோமேட்டிக் போல இருக்கும். ஆனால் டொயோட்டா வகையில் தேயும் கிளட்சே இல்லை, பழையது வாங்கும்போது என் கை அந்தப் பக்கமே சாய்கிறது.

எந்த மாடலானாலும் சிறிய ரிம். பிரியஸ் வியில் 205/60 ஆர் 16, 215/50 ஆர் 17 இரண்டும் உண்டு. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். டயரின் பக்கச்சுவர் மட்டும் 123 மி.மீ.யிலிருந்து 108-க்கு இறங்கிவிடுகிறது. இந்த 15 மி.மீ. ரப்பர்தான் சாலை அதிர்வை விழுங்குவது. டிக்கியும் இருக்கையும் ஒரே அறையாக இருக்கும் நீளமான காரில் பின் டயர் ஓசையைத் தடுக்கச் சுவர் இல்லை என்பதால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மார்ச் 29, சனி

பழைய காரைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். 1.8 லிட்டர் மூன்றாம் தலைமுறை வகையில் இஜிஆர் கூலர் (புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் என்ஜினுக்கு அனுப்புவது) கரியால் அடைத்து, நாளடைவில் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கும் உடலுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போவது தெரிந்த நோய். குளிர்ந்த நிலையில் முதல் சில நொடிகள் என்ஜின் வெடவெடவென்று உதறினால் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். கூலன்ட் டப்பா மட்டத்தைப் பார்க்க வேண்டும்; இஜிஆர் சுத்தம் செய்த பில் உண்டா என்றும் கேட்க வேண்டும். இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் டப்பா. அதையும் மறக்கக் கூடாது.

பேட்டரிக்கு ஓபிடி அடாப்டரும் (காரின் கணினியோடு கைப்பேசியை இணைக்கும் செருகி) செயலியும். பிரியஸ் நிக்கல் பேட்டரியில் 28 மாட்யூல் (செல்கள் சேர்ந்த கட்டு), மொத்தம் 201.6 வோல்ட், திரையில் இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக். நின்றபடி பார்த்தால் எல்லாம் அழகாகவே இருக்கும். மேட்டில் முழு அழுத்தத்தில் ஏற்றும்போதும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். ஒரு செல் 1.2 வோல்ட். ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்டுக்கு மேல் தொங்கினால் அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது. பின்சீட் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரத்தையும், வடிகட்டி இருந்தால் அதையும் பார்த்தால், முந்தையவர் எப்படிப் பராமரித்தார் என்று அது சொல்லிவிடும். முடியும் தூசியும் அடைத்திருந்தால் பேட்டரி சூட்டிலேயே ஓடியிருக்கிறது.

12 வோல்ட் பேட்டரியை ஓய்வில் அளந்து 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் அதை மாற்றிய பிறகே மற்ற எச்சரிக்கை விளக்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். அது பலவீனமானால் சம்பந்தமில்லாத பிழைக் குறியீடுகள் எல்லாம் வரும்.

மார்ச் 30, ஞாயிறு

ஓட்டிப் பார்க்கும்போது மார்ச் 2-ன் மூன்று சோதனையும் அப்படியே. பழைய டயர் பெரிதாக உறுமினால் அதற்குள் பேரிங்கின் முனகல் ஒளிந்துகொள்ளும். அதனால் வளைவுச் சோதனையை 40, 60, 80 என்று மூன்று வேகத்திலும் செய்து, பிறகு இறங்கி நான்கு டயரிலும் உள்ளங்கையை ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கு டாட் எண்ணும் வேறு வேறாக இருந்தால் மாற்றிப் போடும் பழக்கமே இருந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பின் டயரின் உள் ஓரத்தைப் பார்க்கத் தரையில் படுத்துத்தான் ஆக வேண்டும். டார்ச் கையோடு இருக்கட்டும்.