பெரிய சாருக்கு ஒரு தீர்மானம்

நான் குடியிருக்கும் வர்ஜீனியா மாநிலத்தின் சட்டமன்றம் ஆண்டுதோறும் ஜனவரி இரண்டாம் புதன்கிழமை ரிச்மண்ட் நகரில் கூடுகிறது. வரவு செலவுத் திட்டம், வரிவிதிப்பு என்று பெரிய அலுவல்களுக்கு நடுவே, மறைந்த உள்ளூர்ப் பெரியவர்களின் வாழ்வைப் போற்றும் தீர்மானங்களையும் அது நிறைவேற்றுவது வழக்கம். 1619இல் தொடங்கிய மரபுடைய அந்த மன்றத்தில், 100 பேர் கொண்ட கீழவையும் 40 பேர் கொண்ட மேலவையும் சேர்ந்து, ஒருநாளும் தேர்தலில் நிற்காத ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்கு அத்தகைய தீர்மானம் இயற்றுவது வியப்புக்குரிய செய்தியன்று. பிறந்த ஊர், பணியாற்றிய பள்ளிகள், ஊருக்குச் செய்த தொண்டு, விட்டுச்சென்ற மக்கள், பேரப்பிள்ளைகள் என்று பத்தி பத்தியாக எழுதி, அதன் படியொன்றைக் குடும்பத்தாருக்கு அளிப்பார்கள்.

நம் புனித ஜார்ஜ் கோட்டையில் வழக்கம் வேறு. மறைந்தவர் பேரவையின் முன்னாள் உறுப்பினராக இருந்தால் இரங்கல் குறிப்பு வாசிக்கப்படும். உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவார்கள். நாடறிந்த தலைவர்களுக்கும் பெரும்புகழ் பெற்ற கலைஞர்களுக்கும் இரங்கல் தீர்மானம் வருவதுண்டு. ராயபுரத்துத் தலைமையாசிரியர் ஒருவருக்கு வருமென்று எதிர்பார்க்க முடியாது. 234 தொகுதிகளின் நல்லாசிரியர்களுக்கெல்லாம் எழுந்து நின்றால் அவை வேறு வேலை பார்ப்பது எப்போது என்று கேட்டால், அதுவும் நியாயந்தான். ஆனால் வர்ஜீனியாவின் முறையில் என்னைக் கவர்ந்தது மரியாதைகூட அன்று; அந்த மரியாதையைச் செய்வதற்காகவாவது ஒருவருடைய வாழ்வை யாரேனும் உட்கார்ந்து விவரமாக எழுத வேண்டியிருக்கிறதே, அதுதான். நம் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த பெரிய சார் காலமானபோது, வாட்ஸ்அப் குழுவில் மூன்று வரி அறிவிப்போடு நாம் நிறுத்திக்கொண்டோம். அவருக்கென்று ஒரு தீர்மானம் எழுதினால் அதில் இடம்பெற வேண்டியவற்றை, எனக்குத் தெரிந்த மட்டும் நம் பழைய மாணவர் சங்கத்தின் இம்மலரில் பதிவு செய்கிறேன்.

முதலில் அந்தச் சைக்கிள். காலை வழிபாடு முடிந்து வருகைப்பதிவேடுகள் மேசைக்கு வந்ததும், வராத பையன்களின் பெயர்களைச் சட்டைப்பையிலிருக்கும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு காசிமேட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். மீன் ஏலம் ஓய்ந்த இடத்தில், உடைத்த ஐஸைக் கூடையில் தூக்கித் தலை நனைய நிற்கும் பையனைத் தேடிப் பிடித்தாலும் அவனைத் திட்டமாட்டார். கூலி தரவேண்டியவரிடம் நேரே போய், அன்றைய கூலியைக் கணக்குப் பார்த்து வாங்கிப் பையன் கையில் வைத்து, "வூட்ல அம்மாகிட்ட குட்த்துட்டு, மூஞ்சி கழுவிகினு, ரெண்டாவது பீரியடுக்கு வந்துடணும், இன்னா?" என்பார். வகுப்பறையில் ஒரு சந்திகூடப் பிசகாமல் பேசியவர் ஏலக்களத்தில் மட்டும் நம் பேட்டைப் பேச்சுக்கு மாறிவிடுவது எங்களுக்குப் பெரிய வேடிக்கை. ஈரச் சட்டையும் மீன் வாடையுமாக வந்து உட்காருகிறவனைப் பார்த்து எவனாவது மூக்கைப் பிடித்தால், பிரம்படி மூக்கைப் பிடித்தவனுக்கு. வர்ஜீனியாத் தீர்மானங்களில் பிரம்பைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள்; நான் எழுதுகிறேன், நியாயப்படுத்துவதற்காக அன்று, அது நடந்தது என்பதற்காக.

சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கிய வரலாற்றை அவர் வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லாத ஆண்டில்லை. தியாகராயர் நம் வண்ணாரப்பேட்டைக்காரர் என்ற பெருமை அதில் பாதி. காலிவயிற்றில் வாய்ப்பாடு ஏறாது என்ற கணக்கு வாத்தியாரின் அனுபவம் மீதி. மதியம் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்க்காமல் அவர் தம் டிபன் கேரியரைத் திறந்ததில்லை.

மாலை நேரங்களில் பள்ளித் தாழ்வாரம் மனு எழுதும் இடமாகிவிடும். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், விதவை உதவித்தொகை நின்றுபோனாலும், மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் புகுந்தாலும் அவரிடந்தான் வருவார்கள். கட்சிக்காரர்கள் எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். அவர் எந்த மேடையிலும் ஏறியதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் நடந்ததை உடன்படித்த நண்பர்கள் வாயிலாகவே அறிந்தேன். அரிசியும் போர்வையும் கொடுக்கப் பலர் இருந்தார்கள். ரேஷன் கார்டும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் அலையில் போய்விட்டன என்று நின்றவர்களுக்காக, அவர் பள்ளி அலுவலகத்தில் அனுமதி பெற்று, பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய பிறந்த தேதி, தந்தை பெயர், படித்த ஆண்டு ஆகியவற்றைத் தம் கைப்படவே பெயர்த்தெழுதிக் கொடுத்திருக்கிறார். அதை அப்போதைய தலைமையாசிரியர் கையொப்பத்துடன் கொண்டுபோன பிறகே பலருக்கு மாற்றுச் சான்றிதழுக்கு வழி பிறந்ததாம். என்னைக் கேட்டால், தீர்மானத்தில் மிக நீளமான பத்தி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நான் எழுதியிருப்பது ஒரு வகுப்புக்காரன் கண்ட அளவே. அவர் இப்பள்ளிக்கு இளம் ஆசிரியராக வந்த காலத்தில் படித்த மூத்த மாணவர்களும், அவருடைய கடைசி ஆண்டுகளில் பேட்டையிலேயே இருந்தவர்களும் தத்தம் பத்தியை எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன். நீளத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். நாள், இடம், ஆள் பெயர் ஆகியவை சரியாக இருந்தால் போதும்.