காஃப்ஸ் ஹார்பர், ஆஸ்திரேலியா, குளிர்காலம் 2021

ஜூலை 11, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னொரு பச்சை மரத்தவளை. பட்டப்பகலில், சிமென்ட் தரையில். கிட்டப் போனேன், நகரவில்லை.

ஜூலை 13

பச்சை மரத்தவளை பகலில் வெட்டவெளிக்கு வராது. வந்தாலும் கால்களை வயிற்றடியில் இழுத்து வைத்துக்கொண்டு கச்சிதமாக உட்காரும். இதன் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் கிடந்தன. முதுகு பழுப்பு. நிறத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, குளிரில் நல்ல தவளையும் பழுப்பாகும். தோல்தான் கவலை. விலாப்பக்கம் உரிந்த தோல் மெழுகுத்தாள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தவளை தோலை உரித்ததும் அப்படியே வாய்க்குள் தள்ளித் தின்றுவிடும். இதற்கு அந்தத் தெம்பு இல்லை. தொடைகளின் உள்பக்கம் ரத்தச் சிவப்பு.

கையுறை போட்டுக்கொண்டு மெல்ல மல்லாத்திப் பார்த்தேன். திரும்பிப் புரள முயன்றது, பாதியில் நின்றது, மறுபடி முயன்றது. நானே திருப்பிவிட்டேன்.

சாயங்காலம் செத்துப்போயிருந்தது.

ஜூலை 14

தம்பி போன் செய்தான். அம்மாவைச் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் சோடியம் 121, இருக்கவேண்டியதைவிட ரொம்பக் குறைவு. பேச்சு குழறுகிறதாம், அவனை ‘அண்ணா’ என்று கூப்பிட்டாளாம்.

ஜூலை 16

கொரோனா பயணத்தடையிலிருந்து விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் போட்டாயிற்று. பதில் வரும்வரை இந்த நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. போனாலும் எப்போது திரும்ப முடியும் என்று யாருக்கும் தெரியாது. இவர் “வரும், பொறு” என்கிறார்.

ஜூலை 19, இரவு

தூக்கம் இல்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

தவளைகளைக் கொல்கிற ஒரு தோல் பூஞ்சை இருக்கிறது, அதற்கு 1999ல்தான் பெயரே வைத்தார்கள். பேட்ரகோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ். முந்தைய வருடம்தான் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் மழைக்காட்டுத் தவளைகளைக் கொல்வது இதுதான் என்று லீ பெர்கரும் கூட்டாளிகளும் எழுதியிருந்தார்கள். அதன் வித்துகளுக்கு வால் உண்டு. தண்ணீரில் நீந்தி வந்து தவளையின் தோலில் புகுந்து வளரும், மறுபடி நீந்தும் வித்துகளை வெளியே விடும். அது வளர்வது தோலிலிருக்கும் கெரட்டின் என்ற புரதத்தில். தலைப்பிரட்டைக்கு வாயில் மட்டும்தான் கெரட்டின் இருக்கிறது, அதனால் தலைப்பிரட்டையாக இருக்கும்வரை பெரும்பாலும் தப்பிவிடும். கால் முளைத்து, வால் சுருங்கி, உடம்பெல்லாம் புதுத்தோல் வந்து கரையேறும்போதுதான் சாகும். வளர்ந்து முடிக்கிற நேரத்தில்.

தோலில் வருகிற பூஞ்சை எப்படிக் கொல்கிறது என்று ரொம்ப நாள் யாருக்கும் புரியவில்லை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. உடம்புக்கு வேண்டிய உப்பையும் தோல்தான் உள்ளே இழுத்துப் பிடித்து வைக்கிறது. 2009ல் சோதனை செய்து பார்த்தார்கள், அதுவும் இதே பச்சை மரத்தவளையில். நோய் முற்றிய தவளைகளின் ரத்தத்தில் சோடியம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பொட்டாசியம் பாதி. கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது.

சோடியம். இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சிலவற்றுக்கு வாய்வழியாக உப்புக்கரைசல் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாவைத் தடுக்க முடியவில்லை, ஆனால் இருபது மணிநேரத்துக்கு மேல் கூடுதலாக உயிரோடு இருந்தன. மல்லாத்திப் போட்டால் புரண்டு எழ முடியாமல் கிடந்தவற்றில் சில எழுந்தன.

ஜூலை 20

123.

ஜூலை 23

பிரஷர் மாத்திரையால்தானாம். மூத்திரம் போகவைக்கிற ரகம், வயதானவர்களுக்கு உப்பை இறக்கிவிடும். அதோடு ‘உப்பைக் குறைங்க’ என்று யாரோ சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ரசத்தில்கூட உப்புப் போடாமல் சாப்பிட்டிருக்கிறாள். வருடக்கணக்காக. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நடுவில் ஒரு ரத்தப்பரிசோதனை செய்யச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஜூலை 29

இங்கே மட்டும் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் முழுக்க, குவீன்ஸ்லாந்திலும், ஆட்கள் செத்த தவளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிட்னியில் ஆஸ்திரேலியன் மியூசியத்தின் தவளை ஆய்வாளர் ஜோடி ரௌலியும் குழுவும் ஊரடங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், நேரில் வர வழியில்லை. அதனால் பொதுமக்களைக் கேட்கிறார்கள்: எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், படம் அனுப்புங்கள், முடிந்தால் உடலை ஃப்ரீசரில் வையுங்கள். சோதித்தவற்றில் சிலவற்றைக் கொன்றது இந்தப் பூஞ்சைதான். அது மட்டும்தானா, வேறு எதுவும் சேர்ந்ததா என்று இன்னும் பார்க்கிறார்கள்.

ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் காலி செய்து, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு, தேதியும் இடமும் எழுதி வைத்தேன். இறாலுக்குப் பக்கத்தில். இவர் ஒன்றும் சொல்லவில்லை, இறாலை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 3

128. பேச்சு தெளிந்துவிட்டது. “என்ன கண்ணு, சாப்ட்டயா?” என்றாள். நான் அழுதேன். “அழுவாத சாமி, எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கறேன்.”

அங்கே மழை. ஆனைமலைப் பக்கம் நாலு நாளாக விடவில்லையாம். தம்பி போனை ஜன்னலோரம் வைத்தான். தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. இங்கே இரவெல்லாம் மௌனம். குளிர்காலத்தில் பச்சை மரத்தவளைகள் பெரும்பாலும் கத்தாது, தெரியும். இருந்தாலும்.

மேற்குத்தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இந்தப் பூஞ்சை இருக்கிறது, சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஆனால் கூட்டங்கூட்டமாகச் செத்ததாக அங்கே செய்தி இல்லை. ஆசியாவில் இரண்டும் நெடுங்காலம் சேர்ந்தே இருந்து பழகியதால் இருக்கலாம் என்கிறார்கள். 2018ல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், உலகமெங்கும் கொல்கிற இந்த வகையின் மூலம் கிழக்காசியா, அநேகமாகக் கொரியத் தீபகற்பம் என்றார்கள். அங்கிருந்து தானாக நடந்து வரவில்லை. வளர்ப்புப் பிராணியாக, ஆய்வுக்கூடத்துக்காக, சாப்பாட்டுக்காகத் தவளையை ஊர்விட்டு ஊர் ஏற்றியவர்கள் மனிதர்கள். பிரிஸ்பேன் பக்கம் 1970களின் பின்பாதியிலேயே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8

பக்கத்துக் குன்றெல்லாம் வாழை, அப்புறம் புளூபெரி. அங்கே அடிக்கிற மருந்துதான் காரணம் என்று எதிர்வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாழைத்தார்ப் பெட்டிகளில் குட்டித் தவளைகள் ஒளிந்துகொண்டு சிட்னி சந்தைவரை போய்விடும். பார்த்தவர்கள் பாவம் பார்த்து அங்கேயே ஏதாவது குளத்தில் விடுவார்கள். அப்படி விடக்கூடாது. அந்தக் குட்டியின் தோலில் என்ன வந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 14, சனி

மாலை 5 மணியிலிருந்து எங்களுக்கும் ஊரடங்கு. டப்பா ஃப்ரீசரிலேயே.

ஆகஸ்ட் 22

இன்றைக்கு எதைப் பார்த்தாலும் தாங்கவில்லை.

குவீன்ஸ்லாந்து ஓடைகளில் ஒரு தவளை இருந்தது. பெண் தவளை முட்டைகளை விழுங்கி, இரைப்பையிலேயே பொரித்து, குஞ்சுகளை வாய்வழியாக வெளியே விடும். அத்தனை நாளும் அமிலம் சுரக்காது, சாப்பிடாது. இந்த இனத்தை 1973ல்தான் முதலில் விவரித்தார்கள். 1981க்குப் பிறகு காட்டில் யாரும் பார்க்கவில்லை. அதன் உறவு இனம் ஒன்றை 1984ல் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடத்தோடு அதுவும் சரி. அப்போது யாருக்கும் பூஞ்சை என்ற சந்தேகமே இல்லை. 2019ல் கணக்குப் பார்த்தபோது இந்த நோயால் குறைந்தவை 501 இனங்கள், அதில் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுபவை. வேறு எந்த நோயும் இத்தனை உயிரினங்களை வாரிக்கொண்டு போனதில்லை. இது தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காஸியஸ்கோ மலைப்பகுதியில் கருப்பும் மஞ்சளும் வரிபோட்ட கொரோபரி தவளை கொஞ்சம்தான் மிச்சம். அதே சதுப்பில் வாழும் இன்னொரு சின்னத் தவளை பூஞ்சையைச் சுமந்தபடி சாகாமல் திரிகிறது. அது இருக்கும்வரை பூஞ்சைக்கு வீடு உண்டு. கொரோபரி எண்ணிக்கை குறைந்தாலும் நோய் குறையாது. அதன் மேலும் கோபப்பட முடியவில்லை, அதுவும் தவளைதானே.

ஆகஸ்ட் 23

விண்ணப்பம் நிராகரிப்பு. ஒரே பத்தி.

ஆகஸ்ட் 30

மழைநீர்க் குழாயின் வளைவில் டார்ச் அடித்தேன். உள்ளே ஒன்று! நல்ல இலைப்பச்சை, கால்கள் மடங்கி, தொண்டை துடித்துக்கொண்டு. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி இன்னும் உள்ளே போயிற்று. சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தொடாதே” என்று நான் சொல்வதற்கு முன்பே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இந்தப் பூஞ்சைக்கு 17லிருந்து 25 டிகிரி வரை கொண்டாட்டம், 28க்கு மேல் வளராது. இன்னும் கொஞ்சம் வெயில் ஏறட்டும்.

செப்டம்பர் 4

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். 133. நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாளாம்.

செப்டம்பர் 11

ஊரடங்கு நீக்கம். மியூசியத்துக்கு எழுதினேன்: எல்லாம் பத்திரமாக இருக்கிறது, எப்படி அனுப்பவேண்டும்?

செப்டம்பர் 16

தபால்பெட்டிக்குக் கீழே ஒன்று, தொடைகள் சிவந்து. காட்டுயிர் மீட்புக்குழுவுக்குப் போன் செய்தேன். காற்றோட்டமுள்ள டப்பாவில், குழாய்த் தண்ணீர் படாமல், ஈரத்துணியோடு வைத்திருக்கச் சொன்னார்கள். ஒரு மணிநேரத்தில் வருகிறார்களாம்.

தம்பி காலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான், கவனிக்கவில்லை. இப்போது நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறான்.