"தண்ணி எங்க போவும் டீச்சர்?"

2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிக்கொண்டிருந்தது. கடலூரில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. ஹாலின் கிழக்குச் சுவரில் இருந்த இரண்டு ஜன்னல்களுக்கும் அடியில் அம்மாவின் பழைய சேலைகளைத் திரித்து அணை கட்டியிருந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிழிந்து பக்கெட்டில் ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டும் அந்த வருடம் ஆடியில் மாட்டிய புது யுபிவிசி ஜன்னல்கள், அதாவது கெட்டி பிளாஸ்டிக் சட்டம் போட்டவை. அடுத்த அறையில் அப்பா 1984இல் வைத்த, கரையான் தின்ற வேங்கை ஜன்னல் வழியாக வந்த தண்ணீர் ஒரு கால்மிதியோடு நின்றுவிட்டது.

அன்று ராத்திரி அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது. கடல் நடக்கிற தூரம். கீல், கொண்டி, தாழ்ப்பாள் எதுவும் இந்த உப்புக் காற்றில் நாலு வருடம் தாங்குவதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடந்தபோது கிழக்குப் பக்கக் கண்ணாடி அத்தனையும் நொறுங்கியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த நாட்கள் அவை. ஜன்னல் கண்ணாடியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. பிளைவுட் அடித்து ஒப்பேற்றி, பொங்கலுக்குப் பிறகு கண்ணாடியை மட்டும் மாற்றினோம். சட்டத்துக்குள் கரையான் எப்போது ஏறியதோ தெரியாது. 2024 சித்திரையில் ஒரு நாள் அடிக்கட்டையை விரல் முட்டியால் தட்டினேன். காலி டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

ஆடியில் அந்த யுபிவிசி ஜன்னல்களைச் செய்தவரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. தெரிந்தவர் சொன்னார் என்று கூப்பிட்டேன். சதுர அடி 420 ரூபாய் என்றார். விசாரித்த நாலு பேரில் அதுதான் குறைவு. நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு, 32 சதுர அடி, 13,440 ரூபாய் என்று கணக்குப் போட்டு அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். அப்புறம் கொசுவலை தனி, பூட்டு தனி, பழைய சட்டத்தைப் பெயர்க்கும் கூலி தனி, பூச்சு வேலை தனி, 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் கையை விட்டுப் போனது 20,900. சதுர அடிக்கு 653 ரூபாய் ஆகிறது. பணத்தைவிட எனக்கு வருத்தம், அவர் அளவெடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தது. பழைய சட்டம் சுவரில் இருக்கும்போதே டேப்பை அகலத்துக்கு ஒரு தடவை, உயரத்துக்கு ஒரு தடவை பிடித்தார். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டிருக்க வேண்டும்.

புயல் வடிந்து, தென்பெண்ணை வெள்ளமும் வடிந்து, ஊர் நிமிர்ந்த பிறகு செம்மண்டலத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். தச்சர் வீட்டுப் பிள்ளை, இப்போது யுபிவிசி பட்டறை வைத்திருக்கிறார். வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. ஹால் ஜன்னலை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க டீச்சர்" என்றார். கொடுத்தேன். அதை மெதுவாக ஜன்னல் ஓடும் தண்டவாளத்தில் ஊற்றினார். தண்ணீர் அப்படியே நின்றது. நானும் அம்மாவும் அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு துளிகூட நகரவில்லை.

"இப்ப இந்தத் தண்ணி எங்க போவும் டீச்சர்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் இப்போது வீட்டு ஜன்னலை மாற்றப் போகிறார்கள். இரண்டு பேரும் என்னிடம் முதலில் கேட்டது "சதுர அடி எவ்வளவு டீச்சர்?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வேலை கொடுக்கும் முன்னால் அந்தத் தம்பி கேட்டதை நாம் கேட்க வேண்டும்.

பட்டறையில் வெட்டிக் கிடந்த ஒரு துண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே பெட்டி பெட்டியாக அறைகள். ஒன்றில் பலத்துக்காகத் துத்தநாகம் பூசிய இரும்பு செருகியிருக்கிறது. அங்கே தண்ணீர் போகவே கூடாது. தண்ணீர் இறங்குவதற்கு வேறு அறை. தண்டவாளத்தில் விழும் மழை ஒரு துளை வழியாக அந்த அறைக்குள் இறங்கி, சற்றுத் தள்ளி வெளிமுகத்தில் இருக்கும் இன்னொரு துளை வழியாக வெளியேற வேண்டும். இரண்டு துளையும் நேருக்கு நேர் இருந்தால் காற்று தண்ணீரைத் திருப்பி உள்ளே ஊதிவிடும். எங்கள் ஜன்னலில் உள்துளை போட்டிருந்தார்கள், வெளித்துளை போடவே இல்லை. அறை நிரம்பி, தண்டவாளம் நிரம்பி, காற்று தள்ளத் தள்ள உள்விளிம்பைத் தாண்டி ஹாலுக்குள் விழுந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இந்தச் சுவரில்தான் நேராக மோதும். போதாததற்கு வெளித்திண்டின் வாட்டம் உள்பக்கமாக இருந்தது. ரசமட்டத்தை வைத்துக் காட்டினார், குமிழி தெருப் பக்கமாக ஒதுங்கி நின்றது. கதவுகளைக் கழற்றி, துளை போட்டு, வெளியே சின்ன மூடி மாட்டி, திண்டுக்கு வாட்டம் மாற்றிப் பூசிக் கொடுத்தார். அதற்கு 1,500 ரூபாய்தான் வாங்கினார்.

மற்ற ஆறு ஜன்னல்களையும் அவரிடமே கொடுத்தேன். இந்தத் தடவை எல்லாம் எழுத்தில். நாலுக்கு நாலு ஆறு, 96 சதுர அடி. 5 மில்லிமீட்டர் டஃபண்ட் (சூடாக்கிப் பலப்படுத்திய) கண்ணாடி, கொசுவலை, பூட்டு, பெயர்க்கும் கூலி எல்லாம் சேர்த்து சதுர அடி 780 ரூபாய். 74,880, அதற்கு ஜிஎஸ்டி 13,478, ஆக 88,358. கொத்தனார், சித்தாள் கூலியும் கிரில்லும் தனி என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 10,000 ரூபாயை ஐப்பசி மழை பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சரி டீச்சர், நியாயந்தான்" என்றார்.

கீலுக்கும் திருகாணிக்கும் வழக்கமான 304 ரக எவர்சில்வர் வேண்டாம், கடலோரத்துக்கு உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் போடுவோம் என்று அவராகவே சொன்னார். அம்மாவுக்குப் பழைய ஜன்னல் மாதிரி மர நிறம் வேண்டும் என்று ஆசை. கருத்த நிறம் வெயிலை வாங்கும், பிளாஸ்டிக் சட்டம் நாளடைவில் வளையலாம், மேற்குப் பக்கத்துக்கு அது சரிவராது என்று பொறுமையாக விளக்கி வெள்ளைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். சட்டத்துக்குள் நிஜமாகவே இரும்பு இருக்கிறதா என்று பார்க்க நான் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்லைடிங் வேண்டாம், திறக்கிற கதவே போடலாம் என்று முடிவு செய்தோம். தள்ளு ஜன்னல் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். சித்திரை வெயிலில் பிற்பகல் கடல் காற்றுக்காகக் காத்திருக்கிற வீட்டில் பாதி ஜன்னல் போதாது. தவிர, திறக்கிற கதவு சாத்தும்போது ரப்பரை அழுத்திக்கொண்டு சாத்தும். மழைக்கு அதுதான் நல்லது.

அளவு எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். பங்குனியில் முதலில் பழைய சட்டங்களைப் பெயர்த்தார்கள். சுவருக்குள் போயிருந்த இரும்புக் கிளாம்புகளோடு பூச்சும் பெயர்ந்து விழுந்தது. கொத்தனார் ஓரங்களைப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் அடித்துக் காய்ந்த பிறகுதான் தம்பி டேப்பை எடுத்தார். அதுவரை தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தோம். ஜன்னல் வந்து மாட்டும்வரை கொசுக்கடி தாங்கவில்லை. ஆனால் பூச்சுக்கு முன்னால் எடுக்கும் அளவு பூச்சுக்குப் பின்னால் மாறிவிடும் என்பது கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது. மேலே, நடுவே, கீழே என்று அகலத்துக்கு மூன்று. இடது, நடு, வலது என்று உயரத்துக்கு மூன்று. மூன்றில் சிறியதை எடுத்து, பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கழித்தார். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. சமையலறையில் ஒன்று 1,731 மில்லிமீட்டர், இன்னொன்று 1,719. "மூலமட்டம் இல்ல டீச்சர், பூச்சுல சரி பண்ணணும்" என்று கொத்தனாரைக் கூப்பிட்டார். மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால்தான் செவ்வகம். வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதுவது. அதை ஒருவர் சுவரில் டேப்போடு செய்து காட்டியதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளே எட்டாம் வகுப்பில் போய்ச் சொன்னேன்.

அம்மாவின் அறை ஜன்னல்தான் அவருக்கு அதிக நேரம் பிடித்தது. அம்மாவுக்கு 82 வயது. காலை ஆறு மணிக்கு அந்த ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் மீன் கூடையோடு போகிறவர்கள், பால்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரிடமும் பேசி முடித்துத்தான் எழுந்திருப்பார். யுபிவிசி சட்டம் மரச்சட்டத்தைவிடத் தடிமன். நடுவில் ஒரு கட்டையும் வந்தால் கண்ணாடி குறைந்து தெரு மறைந்துவிடும். நான் இதை யோசிக்கவே இல்லை. அம்மாதான், "எனக்குத் தெரு தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

அவர் உடனே அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அவர் உயரம் வேறு. "ஆயா, நீங்களே உக்காருங்க" என்று எழுந்து, அம்மா உட்கார்ந்ததும் தரையிலிருந்து கண் வரைக்கும் டேப்பைப் பிடித்தார். மூன்று அடி ஆறு அங்குலம். சுவரில் அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நடுக்கட்டை இல்லாமல் இரண்டு கதவும் வெளிப்பக்கம் முழுதாகத் திறக்கிற மாதிரி செய்தார். கிரில்லில் குறுக்குப்பட்டை அந்தக் கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வரும்படி வெல்டருக்கு வரைந்து கொடுத்தார். கைப்பிடி இருக்கும் இடத்தில் அம்மாவின் கை நுழையும் அளவுக்கு ஒரு கம்பியைத் தள்ளிப் போடச் சொன்னார். கொசுவலை மட்டும் உள்பக்கம் திறக்கும்.

பெயர்த்த சட்டங்களைத் திண்ணையில் அடுக்கியிருந்தார்கள். சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தில் பென்சில் எழுத்து: கி 1, கி 2, மே 1. 1984இல் செய்த தச்சர் எந்தச் சட்டம் எந்தச் சுவருக்கு என்று போட்ட அடையாளம். நாற்பது வருடம் சிமெண்டுக்குள் இருந்தும் அழியவில்லை. அடிக்கட்டைகள் மாவாக உதிர்ந்தன. மேல்கட்டைகள் மட்டும் கல் மாதிரி இருந்தன. அவற்றை இழைத்துப் பூஜை அலமாரிக்கு இரண்டு பலகை போட்டுக் கொடுத்தார். "கி 1" எழுத்தை மட்டும் இழைக்காமல் விடச் சொன்னேன். அடிப்பக்கமாக அப்படியே இருக்கிறது.

மாட்டி முடித்த அன்று அவருடைய ஆள் மாடியிலிருந்து ஹோஸ் பைப்பில் ஒவ்வொரு ஜன்னல் மேலும் தண்ணீர் அடிக்க, உள்ளே திண்டில் செய்தித்தாளை விரித்துவிட்டு நானும் அவரும் நின்று பார்த்தோம். ஐந்து ஜன்னலில் தாள் காய்ந்தே இருந்தது. ஸ்டோர் ரூமில் ஒரு மூலை மட்டும் நனைந்தது. சிலிக்கான் விட்டுப்போன இடம். அன்றைக்கே சரி செய்தார்.

2025 ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை வந்தது. முதல் நாள் காலையில் எழுந்ததும் எட்டு ஜன்னலிலும் விரலால் தடவிப் பார்த்தேன். அம்மா எனக்கு முன்னாலேயே எழுந்து தன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தி, கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிய போவுது பாரு" என்று காட்டினார். கீழ்ச்சட்டத்தின் வெளித்துளை வழியாக நூல் மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு 10,000 ரூபாயைக் கொடுத்தேன். சமையலறைக் கொசுவலைக் கதவு கொஞ்சம் உரசுகிறது என்றேன். மழை விட்டதும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.