பூட் வரிசையை மாற்றப் போய் மூன்று நாள் திண்டாடினேன்

2017-இல் வாங்கிய என் மடிக்கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி என்பதால் விண்டோஸ் 11-க்கு அது தகுதி பெறவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸை வைத்துக்கொண்டு, இணைய வேலைகளுக்கு லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் அதே கணினியில் நிறுவிவிடலாம் என்று இறங்கினேன். அதை நிறுவும் பென்டிரைவைத் தயார் செய்ய அரை மணி நேரம்தான் ஆனது.

எதிலிருந்து கணினியைக் கிளப்புவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்காக எஃப்12 விசையை எவ்வளவு தட்டியும் பலன் இல்லை. என் கணினியில் அந்த மெனுவே பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் முடக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பயாஸுக்குள் போக எஃப்2-ஐச் சரியான நொடியில் பிடிக்க முடியாதவர்கள், விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட் பகுதியில் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுத்தால் நேராக உள்ளே போய்விடலாம். அங்கே எஃப்12 மெனுவை இயக்கியதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

லினக்ஸ் நிறுவ, கையொப்பமில்லாத தொடக்கக் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் கேட்டது நினைவுக்கு வந்தது. அந்த வரியோ சாம்பல் நிறத்தில், தொட முடியாதபடி கிடந்தது. அதே காணொளியில் சொன்ன மாற்று வழியை நம்பி, பூட் முறையை யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலிருந்து லெகஸி என்ற பழைய முறைக்கு மாற்றி, சேமிக்க எஃப்10-ஐ அழுத்தினேன். அடுத்த நிமிடம் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்ற ஒற்றை வரி மட்டும் நின்றது.

பதற்றத்தில் மறுநாள் காலை இரண்டு பேருந்து மாறி ஒரு பழுதுபார்ப்புக் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், “ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் சார், விட்டுட்டுப் போங்க” என்றார். இரவு வரை ஓடிய வட்டு, பயாஸ் அமைப்பை மாற்றிய நொடியிலேயே எப்படிச் செத்திருக்கும் என்ற என் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைய பொழுது அதோடு போயிற்று. என் வட்டு ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்டது, அதிலுள்ள விண்டோஸ் யுஇஎஃப்ஐ வழியாக மட்டுமே கிளம்பும், லெகஸி முறையின் கண்ணுக்கு அது தெரியாது, நடந்தது இவ்வளவுதான்.

யுஇஎஃப்ஐக்குத் திருப்பியதும் விண்டோஸ் உயிர் பெற்றது, ஆனால் நீலத் திரையில், வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டைக் கேட்டது. லெகஸிக்குப் போய் வந்ததில் செக்யூர் பூட் அணைந்திருந்ததால், யாரோ கணினியில் கை வைத்துவிட்டதாக அது முடிவு கட்டியிருந்தது. ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள், மொத்தம் 48 இலக்கங்கள். கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தபோது இரண்டு குறியீடுகள் இருந்தன. திரையில் தெரியும் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுத்தான் சரியானதைக் கண்டுபிடிக்க முடிந்தது. பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் பயாஸில் எதைத் தொடுவதானாலும் முதலில் இந்தக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் குறியாக்கத்தையே முழுதாக நீக்கிவிட்டு, அது முடியும் வரை பல மணி நேரம் காத்திருந்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு தெரிந்துகொண்டது, உபுண்டுவின் தொடக்கக் கோப்பு முறைப்படி கையொப்பமிடப்பட்டது, செக்யூர் பூட் இயங்கும்போதே அதை நிறுவலாம் என்பது! பயாஸில் சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை அமைத்ததும் சாம்பல் வரிகள் எல்லாம் உயிர் பெற்றன. செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கினேன். எஃப்12 மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து நிறுவியதில் ஒரு சிக்கலும் இல்லை.

கடைசிச் சோதனை அதற்குப் பின் வந்தது. பென்டிரைவைக் கழற்றிவிட்டுக் கிளப்பினால் கணினி நேராக விண்டோஸுக்குள் போயிற்று. எதை முதலில் கிளப்புவது என்று வரிசைப்படுத்தும் பூட் பட்டியலில் உபுண்டுவின் பெயரே இல்லாதபோது எதை மேலே நகர்த்துவது? விடை பூட் பக்கத்தில் இல்லை, செக்யூரிட்டி பக்கத்தில் இருந்தது. நம்பகமான யுஇஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வரி ஒன்று அங்கே உண்டு. அதில் வட்டு, இஎஃப்ஐ, உபுண்டு என்று ஒவ்வொரு கோப்புறையாக இறங்கி, ‘ஷிம்எக்ஸ்64’ என்ற தொடக்கக் கோப்பைக் காட்டி, அதற்கு நானே ஒரு பெயரும் சூட்டி, எஃப்10-ஆல் சேமித்து மறுபடி உள்ளே போனபோது அந்தப் பெயர் பட்டியலின் அடியில் நின்றது. எஃப்6-ஐத் தட்டத் தட்ட அது ஒவ்வொரு படியாக ஏறி விண்டோஸைத் தாண்டியபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் அந்த சூப்பர்வைசர் கடவுச்சொல்லை நீக்கிவிட்டேன், வரிசை மாறவில்லை. வைத்திருக்க விரும்புபவர்கள் அதை மறந்துவிட வேண்டாம். பல மடிக்கணினிகளில் பயாஸ் பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது.

இப்போது மிச்சமிருப்பது கடிகாரம் ஒன்றுதான். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை பத்து மணிக்கு நாலரை என்று காட்டுகிறது. உபுண்டு வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுத, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. உபுண்டுவையும் உள்ளூர் நேரத்தையே எழுதச் செய்ய ஒரு கட்டளை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க வேண்டும்.