பட்டன்2_புதியது_கடைசி

இன்று காலை 43 தானியங்கிச் சோதனைகள் ஒட்டுமொத்தமாகத் தோற்றன. மென்பொருளில் பிழையே இல்லை. படிவத்தைச் சுற்றி யாரோ ஒரு டிவ் (வலைப்பக்கத்தின் பகுதிகளைச் சூழும் பெட்டி) கூடுதலாகப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். உச்சியிலிருந்து எண்ணி எண்ணி இறங்கும் எங்கள் எக்ஸ்பாத் முகவரிகள் (பக்கத்தில் ஒரு பொத்தானோ பெட்டியோ எங்கே இருக்கிறது என்று சோதனைக்குச் சொல்பவை) எல்லாம் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

சரிசெய்யலாம் என்று, சோதனைகள் தொடும் பொத்தான்களையும் பெட்டிகளையும் பெயரிட்டு வைத்திருக்கும் பொருள் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றியது. பட்டன்1, பட்டன்2, பட்டன்2_புதியது, பட்டன்2_புதியது_கடைசி. நான்கும் ஒரே பொத்தான்! நம் சொடுக்குகளைப் பார்த்துச் சோதனையாக எழுதும் பதிவுக் கருவி தானாக வைத்த பெயரை மாற்றாமல் விட்டு, ஒட்டுப்போட்டே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். (அவர்களில் நானும் உண்டு.)

மாலை வரை உட்கார்ந்து பெயர் சூட்டினேன். முதலில் திரை, பிறகு வேலை, கடைசியில் வகை: உள்நுழைவு_கடவுச்சொல்_பெட்டி, கட்டணம்_உறுதிசெய்_பொத்தான். நிறத்துக்கும் இடத்துக்கும் பெயரில் அனுமதி இல்லை. இன்றைய 'பச்சைப் பொத்தான்' அடுத்த வடிவமைப்பில் நீலமாகிவிடும், பெயர் மட்டும் பச்சையாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு திரைக்கும் சோதனை நிரலில் ஒரு வகுப்பு (கிளாஸ்); முகவரி அதற்குள் மட்டும், ஒரே முறை.

முகவரிகளே உடையாமலிருக்க, ஒவ்வொரு பொத்தானுக்கும் சோதனைக்கென்றே வைக்கும் அடையாளமான டேட்டா-டெஸ்ட்ஐடி பண்பு சேர்த்துத் தருமாறு நிரலாளர்களிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த ஸ்பிரின்டில் (சில வார வேலைச் சுற்று) பார்க்கலாம் என்கிறார்கள். போன ஸ்பிரின்டிலும் அதையேதான் சொன்னார்கள்.